மாட்டுக்கு ஊசி போடும் முன், ஊசிக்கு நடக்கும் பரீட்சை

நண்பர்களே, உங்கள் வீட்டில் மாடு இருக்கிறதோ இல்லையோ, "கோமாரி நோய் தடுப்பூசி முகாம்" என்ற அறிவிப்பை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பொது இடத்தில் மாடுகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் வெளியே வரும். பால் மாதிரி வெள்ளையாக ஒரு திரவம், ஒரு மாட்டுக்கு 2 மில்லி. ஊசி போட்டதும் காதில் தோடு மாட்டி, நம்பரை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 2 மில்லியை நம்பித்தான் ஒரு குடும்பம் தன் கறவை மாட்டை முன்னால் நிறுத்துகிறது. அந்த மருந்து இரண்டு விதமாக ஏமாற்றலாம். ஒன்று, உள்ளே இருக்கும் கிருமி முழுதாகச் சாகாமல், தடுக்க வந்த நோயையே அது கொடுத்துவிடலாம். இன்னொன்று, உள்ளே சரக்கே இல்லாமல் வெறும் எண்ணெயும் தண்ணீருமாக இருக்கலாம். நல்ல பாட்டிலும் கெட்ட பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம் எதை வைத்து "பாஸ்" என்று முத்திரை குத்துகிறார்கள்?

நம்ம சிவில் நண்பர்களைக் கேட்டால் கான்கிரீட் கியூப் கதையைச் சொல்வார்கள். தூணை உடைத்துப் பார்க்க முடியாது. அதே கலவையில் கியூப் போட்டு, 28 நாள் கழித்து அதை உடைத்துப் பார்த்துத் தூணை நம்புகிறோம். தடுப்பூசிச் சோதனையும் அடிப்படையில் இதே பிரச்சினைதான். சோதித்த டோஸை மாட்டுக்குப் போட முடியாது. போடும் டோஸைச் சோதிக்க முடியாது. வாங்க, கோமாரித் தடுப்பூசியையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

எதிரி எப்படிப்பட்டவன்?

கோமாரியைச் சில ஊர்களில் காணை என்பார்கள். பசு, எருமை, ஆடு, பன்றி என்று குளம்பு பிளந்த விலங்குகளுக்கெல்லாம் வரும். காய்ச்சல் வரும், வாயிலும் நாக்கிலும் கொப்புளம் வெடிக்கும், எச்சில் நூல் நூலாக ஒழுகும், குளம்பு இடுக்கில் புண் வந்து மாடு நொண்டும். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பால் அடியோடு குறையும், உழவு மாடு நடக்காது. இளங்கன்றுகளுக்கு வைரஸ் இதயத்தைத் தாக்கி, நேற்று துள்ளிய கன்று இன்று செத்துக் கிடக்கும். 2013-இல் கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் இந்த நோய் பெரிதாகப் பரவியபோது பல வீடுகளில் இதுதான் நடந்தது.

இதற்குக் காரணமான வைரஸின் அளவு சுமார் 30 நானோமீட்டர். நடுவில் ஆர்.என்.ஏ., சுற்றிலும் புரத உறை. அவ்வளவுதான் உடம்பு. இதில் ஏழு வகை உண்டு. இந்தியாவில் இப்போது நாம் தடுக்க வேண்டியவை ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று. ஒரு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்புச் சக்தி இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான் நம் ஊர் ஊசியில் மூன்றையும் சேர்க்கிறார்கள்.

கொல்லணும், ஆனா உடைக்கக் கூடாது

தயாரிப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎச்கே-21 என்ற செல்களைப் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். இவை முதன்முதலில் ஹாம்ஸ்டர் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. செல்கள் போதுமான அளவு பெருகியதும் வைரஸை உள்ளே விடுகிறார்கள். அது செல்களைத் தின்று கோடிக்கணக்கில் பெருகும். பிறகு செல் குப்பையை வடிகட்டி, வைரஸைக் கொன்று, செறிவாக்கி, எண்ணெயோடு கலந்து பால்மமாக்கினால் தடுப்பூசி தயார்.

இதில் சிக்கலான இடம், வைரஸைக் கொல்லும் அந்தப் படிதான். மாட்டின் உடம்பு எதிரியை அடையாளம் கண்டுகொள்வது புரத உறையின் வடிவத்தை வைத்து. அந்த உறை சிதைந்துவிட்டால் மாடு தவறான முகத்தைத்தான் மனப்பாடம் செய்யும். கோமாரி வைரஸோ மிகவும் மென்மையானது. கொஞ்சம் சூடு பட்டாலோ, அமிலத்தன்மை கூடினாலோ உறை துண்டு துண்டாகப் போய்விடும். ஆக, உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. செயலிழக்க வேண்டும், வெளியே இருக்கும் உறை அப்படியே நிற்க வேண்டும்.

முன்பு இதற்கு ஃபார்மலின் பயன்படுத்தினார்கள். அது புரதங்களையே ஒன்றோடொன்று பின்னிவிடும். ஆரம்பத்தில் வைரஸ் வேகமாகச் சாகும். பிறகு வேகம் குறைந்து, கடைசியில் சில வைரஸ்கள் சாகாமலே தங்கிவிடும் ஆபத்து உண்டு. இன்று பெரும்பாலும் பைனரி எத்திலீனிமைன், சுருக்கமாக பி.இ.ஐ., என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இது முக்கியமாக ஆர்.என்.ஏ.வைத்தான் தாக்கும்; உறையைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் பி.இ.ஐ.யைச் சோடியம் தயோசல்பேட் போட்டுச் செயலிழக்கச் செய்வார்கள்.

பத்தாயிரம் லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது

இப்போ கணக்குக்கு வருவோம். உலக விலங்கு நல அமைப்பின் வழிகாட்டுதல்படி, செயலிழப்பு முடியும்போது 10,000 லிட்டர் திரவத்தில் ஒரே ஒரு உயிருள்ள வைரஸுக்கும் குறைவாகவே மிச்சமிருக்கும் என்று காட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு, ஆரம்பத்தில் ஒரு மில்லியில் 1 கோடி வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10,000 லிட்டர் என்றால் அதுவே 1 கோடி மில்லி. பெருக்கினால் மொத்தம் 1-க்குப் பின்னால் 14 சைபர். இவ்வளவையும் ஒன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். 10,000 லிட்டரையும் சோதித்துப் பார்க்க எந்த லேபாலும் முடியாது. அப்புறம் எப்படி நிரூபிப்பது?

கோடு போட்டுத்தான். செயலிழப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குறிப்பிட்ட இடைவெளியில் மாதிரி எடுத்து, உயிருள்ள வைரஸை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு இறங்க வேண்டும். மணிக்குப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று வைத்தால், நம் உதாரணத்தில் 14 மணி நேரம் ஆகும். அதற்கு மேல் பாதுகாப்புக்குக் கூடுதல் நேரம். முதல் சில மணி நேரத்தில்தான் வைரஸை எண்ண முடியும். அப்புறம் எண்ணிக்கை கண்டுபிடிக்கும் எல்லைக்குக் கீழே போய்விடும். மீதியைக் கோட்டை நீட்டித்தான் கணிக்கிறோம். அதனால் கோடு வளையாமல் இருப்பது ரொம்ப முக்கியம். ஃபார்மலின் பிரச்சினையே இதுதான்: அதன் கோடு கடைசியில் வளைந்து வால் விடும். வால் விடும் கோட்டை நீட்டினால் கிடைக்கும் பதில் பொய்.

மெக்கானிக்கல், கெமிக்கல் நண்பர்கள் ரசிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். தொட்டியின் மேல் சுவரிலோ மூடியிலோ ஒரு துளி தெறித்து ஒட்டிக்கொண்டால்? அந்தத் துளிக்குள் பி.இ.ஐ. போகாது. தொட்டிக்குள் இருக்கும் லட்சக்கணக்கான மில்லி செத்தாலும் அந்த ஒரு துளி உயிரோடு இருக்கும். கடைசியில் வடிக்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கிவிடும். இதற்குத் தீர்வு ரொம்ப எளிமையானது: பி.இ.ஐ. கலந்தவுடன் மொத்தத்தையும் வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, அங்கேதான் செயலிழப்பை முடிக்க வேண்டும். பழைய தொட்டியில் ஒட்டிய துளி பழைய தொட்டியோடு போகட்டும்.

மாதிரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

"இவ்வளவு எதுக்கு? கடைசியில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்கலாம். அந்தச் சோதனையும் உண்டு. குறைந்தது 200 டோஸுக்குச் சமமான அளவை எடுத்து, வைரஸ் எளிதில் வளரக்கூடிய செல்களின்மேல் விட்டுப் பார்ப்பார்கள். உயிருள்ள வைரஸ் இருந்தால் செல்கள் சாகும்.

ஆனால் நிகழ்தகவுப் பாடத்தில் வந்த பாய்சான் பரவலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 5,000 டோஸுக்கு ஒரு உயிருள்ள வைரஸ் இருக்கிறது என்று வைப்போம். 200 டோஸ் மாதிரியில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 0.04. ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு சுமார் 96 சதவீதம். அதாவது, அப்படி ஒரு பேட்ச் வந்தால் பெரும்பாலும் பாஸ் ஆகிவிடும். லட்சக்கணக்கான டோஸ் உள்ள பேட்ச் என்றால், ஒவ்வொரு லட்சத்துக்கும் 20 டோஸில் உயிருள்ள வைரஸ் இருக்கும். இந்த நோயோ காற்றிலும் மூச்சிலும் பரவுவது. ஒரு கொட்டகையில் தொடங்கினால் போதும்.

அதனால்தான் கடைசி மாதிரிச் சோதனையோடு நிற்காமல், தயாரிப்பின் ஒவ்வொரு படியையும் பதிவு செய்து, அந்தக் கோட்டைக் காட்டச் சொல்கிறார்கள்.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. ஐரோப்பாவில் கோமாரித் தடுப்பூசி வழக்கமாகப் போடப்பட்டு வந்த காலத்தில் அவ்வப்போது நோய் தலைகாட்டியது. 1987-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் அந்த வைரஸ்களின் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது, அவற்றில் பல, தடுப்பூசி தயாரிக்கப் பயன்படும் பழைய வைரஸ்களோடு நெருக்கமாக ஒத்துப்போயின. சரியாகச் சாகாத தடுப்பூசியோ, தயாரிப்புக் கூடத்திலிருந்து நடந்த கசிவோதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் வழக்கமான தடுப்பூசியையே நிறுத்திவிட்டன.

2007 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 8 இடங்களில் கோமாரி வந்தது. மாடுகளில் கிடைத்த வைரஸ் 1967-இல் எடுக்கப்பட்ட ஆய்வக வகை. வெளியே எங்கும் சுற்றாத வகை அது. பக்கத்தில் பிர்பிரைட்டில் ஆராய்ச்சிக் கூடமும் தடுப்பூசித் தயாரிப்பும் ஒரே வளாகத்தில் இருந்தன. விசாரணையில் சந்தேகம் போய் நின்ற இடம், பழுதான பழைய கழிவுநீர்க் குழாய்கள். தடுப்பூசியின் பாதுகாப்பு பாட்டிலோடு முடிவதில்லை, டிரெயினேஜ் வரைக்கும் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

கூடவே வரும் விருந்தாளிகள்

கோமாரி வைரஸ் செத்தது சரி. வேறு ஏதாவது உள்ளே வந்திருந்தால்? பாக்டீரியா, பூஞ்சை இல்லை என்று காட்ட, மாதிரியை இரண்டு வகை ஊடகத்தில் இரண்டு வெப்பநிலையில் 14 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். திரவம் கலங்கக் கூடாது. மைக்கோபிளாஸ்மா, பிற வைரஸ்கள் ஆகியவற்றுக்கும் சோதனை உண்டு. செல் வளர்ப்பில் மாட்டு சீரம் பயன்படுத்துவதால், அந்த மாட்டுக்கு இருந்த நோயும் கூடவே வரலாம். 1999-இல் நெதர்லாந்தில் வேறொரு மாட்டு நோய்க்கான தடுப்பூசியின் ஒரு பேட்சில் இப்படி ஒரு கழிச்சல் வைரஸ் புகுந்து, ஊசி போட்ட பண்ணைகளில் மாடுகள் நோயுற்றன. ஊசி போட்டது ஒரு நோய்க்கு, வந்தது இன்னொரு நோய்.

இதற்கு மேல், ஊசி போட்ட விலங்குக்கு அளவுக்கு மீறிய காய்ச்சலோ, ஊசி போட்ட இடத்தில் மோசமான வீக்கமோ, ஒவ்வாமையோ வருகிறதா என்று நேரடியாக மாடுகளில் போட்டுப் பார்ப்பதும் உண்டு.

சரி, வேலை செய்யுமா?

பாதுகாப்பு முடிந்தது. அடுத்தது தரம். உடையாத முழு வைரஸுக்கு 146எஸ் என்று ஒரு பெயர். மையவிலக்கில் சுற்றினால் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதை வைத்து வந்த எண் அது. உடைந்த துண்டுகளுக்கு 12எஸ். மாட்டுக்கு நல்ல பாதுகாப்புத் தருவது முழுசாக இருக்கும் 146எஸ்தான். சர்க்கரைக் கரைசலை அடர்த்தி வாரியாக அடுக்கி, அதன்மேல் மாதிரியை விட்டு, அதிவேக மையவிலக்கில் சுற்றினால் இரண்டும் தனித்தனி அடுக்காகப் பிரியும். புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் முழு வைரஸ் எத்தனை மைக்ரோகிராம் என்று தெரிந்துவிடும்.

அளவு தெரிந்தாலும் மாட்டைக் காப்பாற்றுமா என்பது தனிக் கேள்வி. அதற்கான அலகு பிடி50. ஒரு பிடி50 என்பது பாதி மாடுகளைக் காப்பாற்றும் அளவு. வழக்கமான தடுப்பூசியில் ஒரு டோஸுக்குக் குறைந்தது 3 பிடி50 இருக்க வேண்டும். அதாவது டோஸை மூன்றில் ஒன்றாகக் குறைத்தாலும் பாதி மாடுகள் தப்ப வேண்டும். நோய் பரவும்போது அவசரத்துக்குப் போடும் ஊசிக்கு 6 பிடி50.

இதை அளக்கும் பழைய முறை கடுமையானது. ஐந்து ஐந்து மாடுகளாக மூன்று குழு. முதல் குழுவுக்கு முழு டோஸ், இரண்டாவதற்குக் கால் பங்கு, மூன்றாவதற்கு அதிலும் கால் பங்கு. ஊசியே போடாத இரண்டு மாடுகள் ஒப்பீட்டுக்கு. மூன்று நான்கு வாரம் கழித்து, எல்லா மாடுகளின் நாக்கிலும் உயிருள்ள வைரஸைச் செலுத்துவார்கள். நாக்கில் புண் வருவது கணக்கில் இல்லை. எட்டு நாளுக்குள் குளம்பில் புண் வந்தால் அந்த மாடு ஃபெயில். ஒரு வகைக்கு 17 மாடு. மூன்று வகைக்கும் தனித்தனியாகச் செய்தால் 51 மாடு. அதுவும் இதற்கு முன் ஊசியோ நோயோ பார்க்காத மாடுகள், காற்றுகூட வடிகட்டப்பட்டு வெளியேறும் உயர் பாதுகாப்புக் கொட்டகையில்.

ஒவ்வொரு பேட்சுக்கும் இப்படிச் செய்வது செலவு மட்டும் இல்லை, அந்த மாடுகளுக்குத் தேவையில்லாத வேதனையும்கூட. அதனால் இன்று ரத்தச் சோதனை பக்கம் நகர்ந்திருக்கிறார்கள். ஊசி போட்டு 28-ஆம் நாள் ரத்தம் எடுத்து, எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். எந்த அளவு இருந்தால் மாடு தப்பும் என்பது பழைய சோதனைகளிலிருந்து தெரியும். நோயைக் கொடுக்காமலேயே மதிப்பெண் போட்டுவிடலாம்.

ஊசி போட்ட மாடா, நோய் வந்த மாடா?

இன்னொரு நுணுக்கமான சோதனை. வைரஸ் செல்லுக்குள் பெருகும்போது மட்டும் சில புரதங்களை உருவாக்கும். அவை வைரஸின் உறையில் இருக்காது. தடுப்பூசியை நன்றாகச் சுத்திகரித்தால் அந்தப் புரதங்கள் கழிந்துவிடும். எனவே நோய் வந்த மாட்டின் ரத்தத்தில் அவற்றுக்கு எதிர்ப்புப் பொருள் இருக்கும். ஊசி மட்டும் போட்ட மாட்டில் இருக்காது.

சுத்திகரிப்பு அரைகுறையாக இருந்தால் இந்த வித்தியாசம் குழம்பிவிடும். ஊசி போட்ட மாடும் நோய் வந்தது போலவே காட்டும். நாடு முழுக்க நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுபவர்களுக்கு அது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. அதனால் ஒரே மாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டு, அந்த எதிர்ப்புப் பொருள் வரவில்லை என்று காட்டினால்தான் தூய்மைக்கு மதிப்பெண்.

பாஸான ஊசியும் தோற்கலாம்

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 50 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகளுக்குக் கோமாரி ஊசி போடுவதை இலக்காக வைத்தது. 2030-க்குள் நோயை ஒழிப்பது நோக்கம். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில், தயாரிப்பவரே "என் சரக்கு நல்ல சரக்கு" என்றால் போதாது. உத்தரப் பிரதேசத்தின் பாக்பத்தில் உள்ள சவுத்ரி சரண் சிங் தேசியக் கால்நடை நலவாழ்வு நிறுவனம் போன்ற அரசுக் கூடங்கள் தனியாகச் சோதிப்பது இதற்காகத்தான்.

அப்படியும் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, வைரஸ் மாறிக்கொண்டே இருப்பது. நம் ஊசியில் உள்ள ஓ வகை 1975-இல் எடுத்தது. இன்று ஊரில் சுற்றும் ஓ வகையை அது இன்னும் அடையாளம் காட்டுகிறதா? ஊசி போட்ட மாட்டின் சீரத்தை இரண்டு வைரஸோடும் மோதவிட்டு விகிதம் பார்க்கிறார்கள். 0.3-க்குக் கீழே இறங்கினால் வேறு வைரஸைத் தேட வேண்டும். இந்தப் பரீட்சைக்கு முடிவே கிடையாது.

இரண்டாவது, கடைசி சில கிலோமீட்டர். ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் 146எஸ் உடையும். உறைய வைத்தாலும் பால்மம் பிரிந்துவிடும். பாக்பத்தில் பாஸான பாட்டில், பங்குனி வெயிலில் பைக் பெட்டிக்குள் ஃபெயிலாகிவிடலாம். அதை எந்த லேபும் பார்த்துக்கொண்டிருக்காது.

நம்மால் என்ன செய்ய முடியும்?

"ஊசி போட்டா பால் வத்திடும், சினை கலைஞ்சிடும்" என்று ஊரில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஓரிரு நாள் லேசான காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், பால் கொஞ்சம் குறைவது எல்லாம் நடக்கக்கூடியவைதான். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் குறையும். சினை மாடு என்றால் டாக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

முகாமில் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது தவறு நடந்தால், அந்த எண் இல்லாமல் எந்த விசாரணையும் நகராது. கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. இதை வீட்டில் காலண்டரில் குறித்துக் கொடுங்கள். ஊசி போட்டும் மாட்டுக்கு வாயில் கொப்புளம் வந்தால், மறைக்காமல் கால்நடை மருந்தகத்தில் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலிலிருந்துதான் அடுத்த சோதனை தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. பாட்டில் எப்போதாவது 8 டிகிரியைத் தாண்டியதா என்று காட்டும் மலிவான சென்சார், கிராமத்துக் கரண்ட் போனாலும் தாங்கும் குளிர்பெட்டி, பேட்ச் எண்ணையும் காதுத் தோடு எண்ணையும் இணைக்கும் எளிய ஆப். இவை எல்லாம் நம் ஃபைனல் இயர் புராஜெக்ட் அளவுக்குள் வரக்கூடிய வேலைகள்தான். தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள், பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஒருநாள் போய்ப் பேசிப் பாருங்களேன்.